கைக்குழந்தையோடு வரும் இளம் அம்மாக்களுக்கு நூலகத்தில் ஒரு மணி நேரம்: முழுமையான வழிகாட்டி

பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே அம்மாவாகிவிட்ட பெண்கள், அவர்கள் இடுப்பில் இருக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள். இவர்களுக்காகக் கிளை நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ வாரம் ஒருமுறை கதை நேரம் நடத்த நினைக்கும் நூலகர்களுக்கும், வாசகர் வட்டத்தினருக்கும், தன்னார்வலர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் பகுதியில் இதை நடத்திக்கொண்டே, புதிதாகத் தொடங்குகிறவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்றும் கவனித்து வருகிறேன். பெரும்பாலோர் இடறுவது ஒரே இடத்தில்தான்: முதல் வேலையாகப் புத்தகம் வாங்கிவிடுகிறார்கள். புத்தகம் நாலாவது வேலை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. வரும் பெண்ணைக் 'குழந்தையைத் தூக்கி வரும் ஆள்' என்று மட்டும் நடத்தினால் அவர் மறுபடி வரமாட்டார். அவரும் ஒரு வாசகர், பல நேரம் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு வந்த வாசகர். அவருக்கு நூலகம் தன்னுடைய இடம் என்று தோன்றினால் குழந்தைக்குக் கதை தானாகக் கிடைக்கும்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளை ஏன் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பார்கள். அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்குக் குழந்தை வருவது இரண்டு வயதுக்கு மேல்தான். அதுவரை சத்துமாவு கிடைக்கிறது, எடை பார்க்கிறார்கள், தடுப்பூசி போடுகிறார்கள். பேச்சுக்கும் கதைக்கும் வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை, அந்த வீட்டில் அம்மாவே இன்னும் படித்துக்கொண்டிருக்க வேண்டிய வயதில் இருக்கிறார்.

1. எழுத்தில் அனுமதி, சட்டத்தில் தெளிவு

மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "செய்யுங்க, பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்னது போதாது. நூலகர் மாற்றலாகிப் போனாலோ, தினமும் செய்தித்தாள் படிக்க வருகிற ஒருவர் குழந்தைச் சத்தம் தாங்கவில்லை என்று மனு கொடுத்தாலோ அந்த வாய்வார்த்தை நிற்காது. நாள், நேரம், எந்த இடம், யார் நடத்துகிறார்கள், அந்த நேரத்தில் தரையில் பாய் விரிப்பதும் குழந்தைகள் சத்தம் போடுவதும் சரி, இவை எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். கடைசி வரியைப் பலர் எழுத மறக்கிறார்கள், பிறகு சண்டை வருவது அதில்தான்.

அடுத்தது சட்டம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பதினெட்டு வயது நிறையாத பெண் கர்ப்பமாக இருந்தாலோ பிள்ளை பெற்றிருந்தாலோ அது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்குள் வரும், திருமணம் நடந்திருந்தாலும் அப்படித்தான். குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு, அதில் நூலகரும் தன்னார்வலரும் அடக்கம். ஆகவே முதல் கூட்டத்துக்கு முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் போய், இப்படி ஒன்று தொடங்குகிறோம், பதினெட்டுக்குக் கீழே உள்ள பெண் வந்தால் நாங்கள் யாரிடம் பேச வேண்டும், என்ன முறை என்று கேட்டு, ஒருவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவம் நடந்திருந்தால் பெரும்பாலும் தகவல் ஏற்கெனவே போயிருக்கும். ஆனாலும் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஊகித்துக்கொள்ளக் கூடாது.

நடத்துகிறவர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய ஒரு விதி: "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பெண்ணுக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அடி, மிரட்டல் என்று ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "உங்க பாதுகாப்புக்கு வேணும்னா சிலர்கிட்ட சொல்ல வேண்டி வரும், ஆனா உங்களுக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கானது 181. இரண்டையும் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள், வேறு யாரும் பார்க்காமல் படிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

அப்புறம் பெயர். பேனரில் 'இளவயதுத் தாய்மார்' என்று போட்டீர்களானால் அந்த வாசலில் ஒருவரும் காலெடுத்து வைக்க மாட்டார்கள். 'கைக்குழந்தைக் கதை நேரம்' என்று இருந்தால் போதும். முப்பது வயது அம்மாவும் வரட்டும், பாட்டியும் வரட்டும். கூட்டத்தில் கலந்திருக்கும்போதுதான் சின்ன வயதுப் பெண்ணுக்கு நிம்மதி. புகைப்படம் வேண்டவே வேண்டாம். ஆண்டறிக்கைக்குப் படம் கேட்டால் பாயையும் புத்தகங்களையும் எடுத்து அனுப்புங்கள்.

2. அழைப்பது யார்?

நோட்டீஸ் ஒட்டினால் வரமாட்டார்கள். நூலகத்துக்குள்ளேயே வராதவர்கள் நூலகச் சுவரில் இருப்பதை எப்படிப் படிப்பார்கள்? அழைப்பு அவர்கள் ஏற்கெனவே நம்பும் ஆளிடமிருந்து போக வேண்டும். அந்த ஆள் கிராம சுகாதார செவிலியர், அல்லது அங்கன்வாடிப் பணியாளர்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரங்களில் எல்லா அம்மாக்களும் குழந்தையோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். செவிலியரிடம் முன்கூட்டிப் பேசி, அந்தக் காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் போய்ப் பத்து நிமிடம் ஒரு படப் புத்தகத்தைக் காட்டுங்கள். பிரசங்கம் வேண்டாம். ஒரு குழந்தைக்குக் காட்டினால் பக்கத்துக் குழந்தையும் எட்டிப் பார்க்கும், அதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை.

செவிலியரிடம் பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். கொடுக்கவும் கூடாது, கொடுத்தாலும் வாங்கக் கூடாது. பட்டியல் வைத்து வீடு தேடிப் போனால், தன்னைப் பற்றி ஊரில் யாரோ பேசியிருக்கிறார்கள் என்றுதான் அந்தப் பெண் நினைப்பார்.

வீட்டில் அனுமதி கொடுப்பவர் மாமியார், அல்லது சொந்த அம்மா. அவர்களையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். "மருமகளை அனுப்புங்க" என்பதைவிட "நீங்களும் வாங்கம்மா, உங்களுக்குத் தெரிஞ்ச தாலாட்டு ஒண்ணு பாடணும்" என்று சொன்னால் கதவு திறக்கும். அவர்களுக்குத் தெரிந்த தாலாட்டும் கைவீசி ஆடும் பாட்டும் குழந்தையின் மொழிக்கு நிஜமாகவே நல்லது, வெறும் உபசாரத்துக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

3. நேரமும் இடமும்

காலையிலும் மாலையிலும் கிளை நூலகத்தின் வாசிப்புக் கூடம் ஆண்களால் நிறைந்திருக்கும். செய்தித்தாள் படிக்கிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன்கள். அத்தனை கண்களைத் தாண்டிக் கைக்குழந்தையோடு உள்ளே போக ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் கால் வராது. அதனால் சமையல் முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், பதினொன்று மணி வாக்கில் வையுங்கள். நூலகம் அந்த நேரத்தில் மூடியிருக்கும் என்றால் இன்னும் நல்லது, அனுமதிக் கடிதத்தில் அதற்கென்று ஒரு வரி சேர்த்துத் திறந்துகொள்ளலாம். தண்ணீர் வரும் நாளை மட்டும் விசாரித்துத் தவிர்த்துவிடுங்கள்.

இடத்துக்குத் தேவை அதிகம் இல்லை. துவைக்கக்கூடிய பாய், மின்விசிறி, குடிதண்ணீர், பூட்டு போடாத கழிப்பறை. பால் கொடுக்க ஒரு மூலையில் கயிறு கட்டித் திரை. முடிந்தால் சேலைத் தொட்டில் கட்ட மேலே ஒரு வலுவான கொக்கி. தூங்கிப்போன குழந்தையைப் போட இடம் இருந்தால் அம்மா கிளம்பிவிட மாட்டார், குழந்தை தூங்கும் நேரத்தில்தான் அவர் தனக்கென்று ஒரு புத்தகத்தைப் புரட்டுவார்.

நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். நடத்துகிறவரும் தரையில்தான் உட்கார வேண்டும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் அது வகுப்பாகிவிடுகிறது, வகுப்பில் அவர்களுக்கு நல்ல நினைவுகள் இருந்ததா என்பது நமக்குத் தெரியாது.

4. இப்போது புத்தகம்

வயதை வைத்துப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் எட்டு மாதக் குழந்தைக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் புத்தகம் என்பது வேறு வேறு பொருள்.

முதல் மூன்று மாதம் குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான், அதாவது மடியில் இருந்து அம்மாவின் முகம் வரை. கறுப்பு வெள்ளையில் பெரிய வட்டம், கோடு, முகம் வரைந்த அட்டைகள் போதும். வெள்ளை அட்டையில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் நீங்களே வரையலாம்.

நாலு மாதத்துக்கு மேல் எல்லாம் வாய்க்குள் போகும். அது சேட்டையில்லை, அந்த வயதில் பொருளைத் தெரிந்துகொள்ளும் வழியே அதுதான். துணிப் புத்தகம் அல்லது கெட்டி அட்டைப் புத்தகம் கொடுங்கள். இங்கேதான் ஆபத்தான ஒரு தவறு நடக்கிறது: அச்சிட்ட தாள்களை மடித்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பின் கழன்று வாய்க்குப் போகும். நூலால் தையுங்கள். லேமினேஷன் செய்தால் நாலு மூலையையும் வட்டமாக வெட்டிவிடுங்கள், கூர்மையான மூலை கண்ணைக் கிழிக்கும். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காய வையுங்கள்.

ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை தெரிந்த பொருள்களின் படம்தான் பிடிக்கும். என் அனுபவத்தில் இந்த வயதுக்கு மிகச் சிறந்த புத்தகம் கடையில் கிடைக்காது, செய்துகொள்ள வேண்டியதுதான். ஸ்டுடியோவில் கொடுக்கும் சின்ன ஆல்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் உறை வைத்தது. அம்மாவின் கைபேசியில் அவர்கள் வீட்டுச் சொம்பு, கோழி, பாட்டி, அப்பாவின் வண்டி, வாசல் வேப்பமரம் எல்லாவற்றையும் படம் பிடிக்கச் சொல்லிப் பிரிண்ட் போட்டு அதில் செருகுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயரை அம்மாவே எழுதட்டும். அவர் எழுத்து கோணலாக இருந்தாலும் நீங்கள் வாங்கி எழுதாதீர்கள். எச்சில் பட்டாலும் துடைக்கலாம், கிழியாது, படத்தை மாற்றிக்கொண்டே போகலாம். இதைச் செய்து முடித்த பெண் அடுத்த வாரம் வராமல் இருப்பது அபூர்வம், தான் செய்த புத்தகத்தைக் காட்டத்தான் வருவார்.

ஒன்றரை வயதுக்கு மேல் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் சின்னக் கதைகள். நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகள் என்று தமிழில் தேடலாம். பணம் இல்லையென்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக உள்ளன, திறந்த உரிமத்தில் வெளியிட்டிருப்பதால் பெயரைக் குறிப்பிட்டு அச்செடுத்துக்கொள்ளலாம். முதல் நிலைக் கதைகளிலிருந்து எடுங்கள்.

எத்தனை வேண்டும் என்றால், கொஞ்சம் போதும். பத்துப் பதினைந்து தலைப்பு, சிலவற்றில் இரண்டு மூன்று படிகள். குழந்தைக்கு ஒரே கதை திரும்பத் திரும்ப வேண்டும், புதுசு தேடி அலைவது பெரியவர்கள்தான்.

5. முதல் கூட்டம்

வந்ததும் பதிவேட்டை நீட்டாதீர்கள். வயது, படிப்பு, கணவர் பெயர் என்று வரிசையாகக் கேட்டால் அது அலுவலகம். அம்மா எப்படிக் கூப்பிட விரும்புகிறாரோ அந்தப் பெயர், குழந்தையின் பெயர், பிறந்த மாதம், இவை போதும். அதுவும் கடைசியில் கேளுங்கள். பதினெட்டு வயதுதானே என்று "வாம்மா, போம்மா" வேண்டாம், "வாங்க, உக்காருங்க" என்றே பேசுங்கள். அவர்கள் உங்களை அக்கா என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும், அது அவர்கள் உரிமை.

முதல் பத்து நிமிடம் எதையும் நடத்தாதீர்கள். புத்தகங்கள் பாயில் கிடக்கட்டும், குழந்தைகள் தவழ்ந்து போய் எடுக்கட்டும். பிறகு ஒரு பாட்டு, எல்லா வாரமும் அதே பாட்டு, ஏனென்றால் அந்தப் பாட்டைக் கேட்டதும் இனி என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் ஒரே ஒரு கதை, ஐந்து நிமிடத்துக்குள். அதன் பிறகு ஒவ்வொரு அம்மாவும் தன் குழந்தையோடு சேர்ந்து புத்தகம் பார்க்கும் நேரம். இந்தப் பகுதிதான் முக்கியம், இதற்கு இருப்பதில் பாதி நேரத்தைக் கொடுங்கள். புதியவர்கள் தாங்களே கதை சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு முடித்துவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் நீங்கள் சொல்வதால் குழந்தைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, மீதி நாளெல்லாம் அம்மாதான் கூட இருக்கப்போகிறார். கடைசியில் டீயும் சுண்டலும். அதைக் குறைக்காதீர்கள், அந்தப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது அப்போதுதான்.

6. படிக்கத் தயங்கும் அம்மா

பத்தாவதுக்கு முன்பே நின்றுபோன பெண்ணிடம் நாலு பேர் முன்னால் புத்தகத்தைக் கொடுத்து "வாசிச்சுக் காட்டுங்க" என்று சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை. எழுத்தில்லாத படப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். அதில் தப்பு என்று ஒன்று கிடையாது.

சொல்லிக்கொடுக்க வேண்டிய பழக்கம் ரொம்பச் சின்னது. படத்தைக் காட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திரு, குழந்தை செய்ததைத் திருப்பிச் சொல், ஒரு சொல் கூட்டு. குழந்தை விரலை நீட்டி "பா" என்றால் "ஆமா, பாலு. சூடான பாலு." அவ்வளவுதான். கஷ்டமான பகுதி காத்திருப்பதுதான். பெரியவர்கள் இரண்டு வினாடியில் பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறோம், குழந்தைக்கு வாய் திறக்க இடம் கிடைப்பதில்லை. இதை விளக்கிச் சொல்லாதீர்கள், ஒரு குழந்தையோடு செய்து காட்டுங்கள், அம்மாக்கள் பார்த்து எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது, அச்சில் உள்ளதை அப்படியே படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை எடுத்துவிடுங்கள். புத்தகத்தில் "பூனை பால் குடித்தது" என்று இருந்தால் "பூன பால குடிச்சிருச்சு பாரு" என்று சொல்லலாம். குழந்தை வீட்டில் கேட்கும் பேச்சு அதுதான். மூன்று வயதை நெருங்கும்போது அச்சில் உள்ளபடி ஒருமுறை, பேச்சில் ஒருமுறை என்று மாற்றிச் சொன்னால் போதும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது என்று வீட்டுமொழி வேறாக இருந்தால் அந்த மொழியிலேயே சொல்லச் சொல்லுங்கள். தமிழ் பின்னால் வரும். அம்மாவுக்குத் தடுமாறும் மொழியில் குழந்தையோடு பேசச் சொன்னால் பேச்சே குறைந்துபோகும்.

கைபேசியைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். குழந்தைக்கு ஒரு வயது முடியும்வரை திரையே வேண்டாம், இரண்டு வயது வரையிலும் பரிந்துரைப்பதில்லை, அதன்பின் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதைச் சொல்லுங்கள், ஆனால் திட்டிச் சொல்லாதீர்கள். சோறு ஊட்டும்போது கைபேசியைக் கொடுக்கிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் வேறு கை இல்லை. அந்த ஆல்பத்தைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

7. வீட்டுக்குப் புத்தகம் அனுப்புவது

உறுப்பினர் அட்டைக்கு முகவரிச் சான்று வேண்டும், காப்புத்தொகை வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்ணின் ஆதார் பெரும்பாலும் அம்மா வீட்டு முகவரியில் இருக்கும். இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை காத்திருந்தால் ஆள் போய்விடும்.

இன்னொரு சிக்கல் நூலகருடையது. இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால்தான் குழந்தை கடித்துவிடும் என்று புத்தகத்தைப் பீரோவில் பூட்டி வைக்கிறார்கள், அவர்களைக் குறைசொல்ல முடியாது. வழி ஒன்று உண்டு: வீட்டுக்குப் போகும் குழந்தைப் புத்தகங்களை வாசகர் வட்டத்தின் பெயரில் வாங்கி, வாசகர் வட்டத்தின் தனி நோட்டில் எழுதி வையுங்கள். நூலகத்தின் பதிவேட்டில் அவை வராது. கிழிந்தால், தொலைந்தால் யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கிழிந்ததை மறைக்க வராமல் நின்றுவிடும் பெண்கள் உண்டு, நாலு ரூபாய் அட்டைக்காக ஒரு வாசகரை இழக்கக் கூடாது.

புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக் கொடுங்கள், ஒரு தடவைக்கு இரண்டு. நிரந்தர உறுப்பினர் அட்டைக்கான வேலையைப் பக்கத்திலேயே மெதுவாகச் செய்துகொண்டிருங்கள். அட்டை வாங்கும் காப்புத்தொகையைக் கொடுக்க உள்ளூரில் யாராவது ஒரு புரவலர் கிடைப்பார்.

8. அம்மாவுக்கென்று ஒரு புத்தகத் தட்டு

அதே அறையில், கைக்கெட்டும் உயரத்தில். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் ஒரு தொகுப்பு, வார இதழ்கள், எளிய நாவல்கள், தையல், சமையல், குழந்தை உடல்நலம். எதை எடுக்கிறார் என்று மேற்பார்வை பார்க்க வேண்டாம்.

படிப்பைத் தொடர ஆசை இருந்தால் தனித்தேர்வராக எழுதலாம் என்பதே பலருக்குத் தெரியாது. அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பை நேரடியாகத் தனித்தேர்வராக எழுதுகிறவர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், இதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அறிவிப்பு வரும் நாளில் கவனித்து அச்செடுத்து ஒட்டுவது நூலகர் செய்யக்கூடிய பெரிய உதவி. தேசியத் திறந்தநிலைப் பள்ளி இன்னொரு வழி. இதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேச வேண்டாம். "ஏன் படிப்பை விட்ட?" என்ற கேள்வியை ஏற்கெனவே போதுமான பேர் கேட்டிருப்பார்கள்.

9. அப்பாக்கள்

வேலைக்குப் போகிறவர்கள், பகல் பதினொரு மணிக்கு வரமாட்டார்கள், அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திருப்பூரிலோ சென்னையிலோ தங்கி வேலை பார்க்கும் அப்பா, புத்தகப் பக்கங்களின் படத்தைப் பார்த்துக் கதையை வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பலாம். அம்மா இங்கே பக்கத்தைப் புரட்டிக் காட்டிக்கொண்டே அதைப் போட்டுக் கேட்க வைப்பார். திரை கீழே கவிழ்ந்து இருக்கட்டும், குரல் போதும். உள்ளூரில் இருப்பவர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு தனியாக வையுங்கள்.

10. கவனித்துச் சொல்ல வேண்டியவை

ஒரு வயதாகியும் மழலைச் சத்தமோ கை காட்டுவதோ இல்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை, இரண்டு வயதாகியும் "அம்மா வா" போல இரண்டு சொல் சேரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. நீங்கள் எந்த நோயின் பெயரையும் சொல்லாதீர்கள், அது உங்கள் வேலையில்லை. காது கேட்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சொல்லி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புங்கள், அங்கே பரிசோதனை இலவசம். அம்மா தனியாகப் போகத் தயங்கினால் செவிலியரோடு பேசி ஒருவரைக் கூட அனுப்புங்கள். அம்மாவையும் பாருங்கள்: பல வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை, குழந்தை அழுதாலும் திரும்பவில்லை என்றால் செவிலியரிடம் சொல்ல வேண்டிய நேரம் அது.

11. ஆள் குறையும்போதும், ஆள் மாறும்போதும்

சில வாரங்கள் மூன்று பேர்தான் வருவார்கள். ஆடி மாதத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருப்பார்கள், மழையில் குழந்தைக்குச் சளி. கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள். ஒருமுறை வந்து கதவு பூட்டியிருப்பதைப் பார்த்த பெண் மறுபடி வீட்டில் அனுமதி கேட்பது கடினம். வராதவர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டாம், செவிலியரிடம் "அவங்க புத்தகம் காத்திருக்குன்னு சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினால் போதும். நூலக நண்பர்கள் திட்டத்தில் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோகும் தன்னார்வலர் உங்கள் ஊரில் இருந்தால், அந்தப் பெண்ணின் சம்மதம் கேட்டு அவர் மூலமாகப் பையை அனுப்பலாம்.

எழுதி வைப்பது குறைவாக இருக்கட்டும்: எத்தனை குழந்தைகள் வந்தன, எந்தப் புத்தகம் அதிகம் கேட்கப்பட்டது, எந்தப் புத்தகம் பிய்ந்தது. நூலகர் மாற்றலாகும்போது புதியவர் கையில் அனுமதிக் கடிதத்தின் நகல், வாசகர் வட்டத்தின் நோட்டு, குழந்தைகள் பாதுகாப்பு அலகின் தொலைபேசி எண், இந்த மூன்றையும் கொடுத்து, அவரை ஒரு கூட்டத்தில் பாயில் உட்கார வைத்துவிட்டு அதன்பிறகு பொறுப்பை ஒப்படையுங்கள்.